கட்டம் சாரும் காணாமல் போன பட்டையும்

குடிநீர் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டம் சார்தான். அவர் எழுதும் புரோகிராம் எதுவானாலும் திரையில் முதலில் ஒரு கட்டம் வந்து நிற்கும். இரட்டைக் கோடு, நான்கு மூலையும் இடைவெளியில்லாமல் சேர்ந்திருக்கும். மற்றதெல்லாம் அதற்குள்தான். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு வேலையே இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. "அவருக்குக் கட்டம் சரியில்லையா சார்?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், "கட்டம் மட்டும்தான் சரியா இருக்கு, மத்ததெல்லாம் கோணல்" என்பார் நிதி அலுவலர். கட்டம் சாரும் சேர்ந்து சிரிப்பார். இருபத்தாறு வருட வேலையில் அவர் கற்றுக்கொண்ட இரண்டாவது தொழில் அது.

ஊருக்குத் தண்ணீர் விடுகிற புரோகிராமும் அவர் எழுதியதுதான். ஊரைப் பதினெட்டுப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பதினெட்டும் வரிசையாகத் தெரியும். மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டு கட்டைகளை வைத்து மேலும் கீழும் போகலாம். எந்த வரியில் நிற்கிறோமோ அந்த வரி மட்டும் வெள்ளைப் பட்டையாகி, அதன்மேல் எழுத்து கறுப்பாகிவிடும். எண்டரைத் தட்டினால் 'திறக்கவா?' என்று கேட்கும். கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சொல். அங்கேயும் அதே பட்டை. 'ஆம்' மேல் பட்டையை நிறுத்தி மறுபடி எண்டர் தட்டினால், எங்கோ ஒரு தெருமுனையில் பூமிக்கடியில் மோட்டார் முனகிக்கொண்டு பெரிய வால்வைத் திறக்கும். தப்பான வால்வைத் திறந்துவிட்டால் அதை மூட இருபது நிமிடம். ஆனால் இத்தனை வருடத்தில் தப்பு நடந்ததே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் வால்வு அண்ணன் என்றார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதிகம் பேசமாட்டார். ஊரில் எந்தத் தெருக் குழாயில் எத்தனை மணிக்குக் காற்று வரும், எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு புது இயக்குநர் வந்தார்.

வந்த மூன்றாம் நாள் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். கட்டுப்பாட்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது, துக்க வீடு மாதிரி?"

யாருக்கும் புரியவில்லை. அவர் திரையைக் காட்டினார்.

"அடுத்த வாரம் வெளியூர்லேருந்து பார்வையாளர் குழு வருது. வந்து இந்தக் கறுப்பைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? வெள்ளையா மாத்துங்க. பளிச்னு இருக்கணும்."

அன்று மாலைக்குள் கம்ப்யூட்டர் திரை வெள்ளையாகிவிட்டது. எழுத்து கறுப்பு. இயக்குநர் வந்து பார்த்து, "இப்பதான் மூச்சு விட முடியுது" என்றார். பார்வையாளர் குழு கடைசிவரை வரவில்லை.

மறுநாள் காலையில் வால்வு அண்ணன் ஏழாம் பகுதிக்குத் தண்ணீர் விட உட்கார்ந்தார். கீழ் அம்பைத் தட்டினார். ஒன்றும் நகரவில்லை. இன்னும் இரண்டு தடவை தட்டினார். பதினெட்டு வரியும் ஒரே மாதிரி, வெள்ளையில் கறுப்பாக, அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கட்டம் சாருக்குப் போன் போட்டார்.

கட்டம் சார் வந்து பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டை நகரத்தான் செய்தது. ஆனால் நிற்கிற வரிக்கு வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து என்று அவர் அந்தக் காலத்தில் முடிவாக எழுதிவைத்திருந்தார். மற்ற வரிகளுக்குத் திரையின் நிறம் எதுவோ அது. இப்போது திரையே வெள்ளையாகிவிட்டதால் நிற்கிற வரியும் நிற்காத வரியும் ஒன்றாகிவிட்டன. பட்டை இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"என் தப்புதான் அண்ணே," என்றார். "நிறத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. 'இருக்கிற நிறத்தைத் தலைகீழாப் போடு'ன்னு சொல்லியிருக்கணும். அப்படிச் சொன்னா, திரை எந்த நிறமா இருந்தாலும் நிக்கிற வரி தனியாத் தெரியும். புரோகிராம்ல ஒரே ஒரு வரி மாத்தணும். அரை மணி நேர வேலை."

"அப்ப மாத்திடுங்க தம்பி."

"கோப்பு போடணுமே அண்ணே."

புது இயக்குநர் வந்த கையோடு ஒரு விதி கொண்டுவந்திருந்தார். எந்தப் புரோகிராமில் எதை மாற்றினாலும் எட்டுப் பக்கப் படிவம் நிரப்பி அனுமதி வாங்க வேண்டும். கட்டம் சார் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்தார். 'இந்த மாற்றத்தால் ஏற்படக்கூடிய அபாயங்கள்' என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தார். நான்கு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'குறைந்தது மூன்று அபாயங்களாவது குறிப்பிடப்பட வேண்டும்' என்று இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைத்துக்கொண்டு யோசித்தார். முதல் அபாயமாக, 'வேலை ஒழுங்காக நடந்துவிடக்கூடும்' என்று எழுதினார். மனைவி அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, அந்தத் தாளை உருவி நாலாகக் கிழித்தாள்.

"ஒரு வரிக்கு இத்தனை பாடா?"

"ஒரு வரியா இருக்கறதுதான் சிக்கல். ஆயிரம் வரின்னா படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

இதற்கிடையில் ஊருக்குத் தண்ணீர் விட்டாக வேண்டுமே. வால்வு அண்ணன் எண்ண ஆரம்பித்தார். முதலில் மேல் அம்பை இருபது தடவை தட்டுவார். எங்கே நின்றிருந்தாலும் முதல் வரிக்குப் போய்விடும். பிறகு ஏழாம் பகுதி வேண்டுமென்றால் கீழ் அம்பு ஆறு தடவை. பிறகு எண்டர். 'ஆம்', 'இல்லை' எது என்பதையும் மனக்கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அறைக்குள் யாரும் பேசக் கூடாது. கதவில் 'எண்ணிக்கை நடக்கிறது, அமைதி' என்று ஒரு தாளை ஒட்டினார். ஒட்டியதும் நிலைமை மோசமாகிவிட்டது. எதை எண்ணுகிறார்கள் என்று கேட்பதற்கென்றே எல்லோரும் கதவைத் திறந்தார்கள்.

"என்னண்ணே எண்ணறீங்க?"

"அஞ்சு... போச்சு!"

மறுபடி மேல் அம்பு இருபது.

ஏழாம் பகுதி மேட்டுத்தெரு. எட்டாம் பகுதியில் பெரும்பாலும் விளையாட்டுத் திடல்தான். அந்த வாரத்தில் மூன்று நாள் மேட்டுத்தெருத் தண்ணீர் திடலுக்குப் போய்விட்டது. திடல் அதிகாரி இயக்குநருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பினார். தங்கள் பொறுப்பேற்புக்குப் பிறகு புல் வரலாறு காணாத செழிப்பில் இருக்கிறது, பந்து மட்டும் உருள மறுக்கிறது என்று எழுதியிருந்தார். இயக்குநர் முதல் பாதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

கட்டம் சார் குடியிருந்தது பன்னிரண்டாம் பகுதி. அங்கே இரண்டு நாள் குழாய் காற்றைத்தான் விட்டது. மேல்வீட்டு வாத்தியார் காலி வாளியோடு படியிறங்கி வந்தார். "சார், நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க?" என்றார். வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் கோப்பை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. நகர்த்தியது வேறொன்று. இயக்குநரின் வீடு மேட்டுத்தெருவில் இருந்தது. அங்கே தண்ணீர் வராத நான்காம் நாள், உயர் அதிகாரிகள் கூட்டத்துக்கு நடுவில் அவர் மனைவி போன் செய்தார். இயக்குநர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் மேசையின் மறுகோடிவரை கேட்டதாம்.

அன்று பிற்பகலே குழு அமைக்கப்பட்டது. 'தேர்வு வரி நிற நிர்ணயக் குழு' என்று பெயர். இயக்குநர் தலைவர். நிதி அலுவலர், மக்கள் தொடர்பு அலுவலர், இன்னும் மூன்று பேர் உறுப்பினர்கள். மக்கள் தொடர்பு அலுவலர் ஒரு பெண்மணி. எதையும் தலைப்புச் செய்தியாக மட்டுமே யோசிக்கக்கூடியவர். கட்டம் சார் சிறப்பு அழைப்பாளர். அதாவது நாற்காலி உண்டு, பேச்சு கிடையாது.

இருந்தாலும் முதல் கூட்டத்தில் கையைத் தூக்கினார். "சார், நிறம் எதுவும் வேண்டாம். தலைகீழாப் போட்டா போதும்."

"தலைகீழ்ங்கற வார்த்தையே நல்லால்ல" என்றார் மக்கள் தொடர்பு அலுவலர்.

நீலம் வைக்கலாம் என்றார் ஒருவர். நீலம் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்றார் நிதி அலுவலர். எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் பட்டை போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைத் திரையில் மஞ்சள் தெரிகிறதா என்று ஆறு பேரும் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்தார்கள். ஆலோசகர் ஒருவரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். அவர் அறுபத்துநாலு பக்க அறிக்கை கொடுத்தார். அதன் சாரம், தேர்ந்தெடுக்கப்பட்ட வரி தேர்ந்தெடுக்கப்படாத வரிகளிலிருந்து வேறுபட்டுத் தெரிவது நல்லது என்பது.

ஐந்தாம் கூட்டத்தில் முடிவுக்கு வந்தார்கள். நிற்கிற வரி பச்சை, மற்ற வரிகள் சிவப்பு. பச்சை வளத்தின் அடையாளம், சிவப்பு எச்சரிக்கையின் அடையாளம் என்று இயக்குநர் விளக்கினார். கூட்டம் மேசையைத் தட்டியது.

கட்டம் சார் மட்டும் எழுந்து நின்றார்.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"கண்ணுக்கு உறுத்தும் சார்."

"யார் கண்ணுக்கு?"

பதில் அவருக்குத் தெரியும், ஆனால் அது அவருடைய ரகசியமல்ல. 'சிறப்பு அழைப்பாளர் பிடிவாதம் காட்டினார்' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வால்வு அண்ணனை உட்காரவைத்து, குழுவின் முன்னிலையில் செயல்விளக்கம் என்று முடிவாயிற்று.

இருபது வருடத்துக்கு முன் அந்தப் புரோகிராமை முதன்முதலில் எழுதியபோது கட்டம் சார் பச்சை எழுத்தும் சிவப்புப் பட்டையுமாகத்தான் போட்டிருந்தார். அப்போதெல்லாம் வண்ணம் போடுவதில் ஆசை. சோதனை ஓட்டத்தில் உட்கார்ந்த வால்வு அண்ணன் வரிசையாகத் தப்புத் தப்பாகத் திறந்தார். எல்லோரும் போன பிறகு, கேண்டீனில் தேநீர்க் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பிறந்ததுலேருந்தே. இங்க யாருக்கும் தெரியாது."

அந்த வேலைக்கு நிறப்பார்வை கட்டாயம் என்று விதியில் இருந்தது. கட்டம் சார் அன்று மாலையே எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கினார். காரணம் கேட்டவர்களிடம், எனக்கு வண்ணம் போட வராது என்றார். அன்றிலிருந்து அவரைப் பழமைவாதி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதையும் சிரித்து வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு லீவு போட்டுடறேன் தம்பி."

"நாளைக்குப் போடுவீங்க. நாளன்னிக்கு?"

"ரெண்டு வருஷம் தம்பி. இன்னும் ரெண்டே வருஷம்." அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பட்டை காணாமப் போறவரைக்கும் ஒரு தப்பு பண்ணல. இப்பத் தெரிஞ்சா, இத்தனை வருஷமும் பொய் சொன்னவன்னுதான் எழுதுவாங்க."

கட்டம் சார் எழுந்து போய் அலுவலக விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குழு முழுக்க அறைக்குள் அடைந்து நின்றது. புகைப்படக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்றார். திரையில் பதினேழு வரி சிவப்பாகவும் ஒரு வரி பச்சையாகவும் மின்னின. கட்டம் சார்தான் அப்படி மாற்றிக் கொடுத்திருந்தார். உத்தரவு.

"ஏழாம் பகுதிக்குப் போங்க பார்ப்போம்" என்றார் இயக்குநர்.

வால்வு அண்ணன் இருபது தடவை மேல் அம்பைத் தட்டினார். கீழ் அம்பை எண்ண ஆரம்பித்தார். கேமரா பளிச்சென்று மின்னியது. கை நின்றுவிட்டது. எண்ணிக்கை தவறிவிட்டது என்பது அவர் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது.

"என்னாச்சு? எங்க நிக்குதுன்னு தெரியுதில்ல? சொல்லுங்க, எந்த வரி பச்சை?"

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்குத் தெரியல சார்."

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னது தாமேதான் என்பது கட்டம் சாருக்கே ஒரு விநாடி கழித்துத்தான் உறைத்தது.

"என்ன தெரியல?"

"எது பச்சை, எது சிவப்புன்னு. எனக்குக் கலர் தெரியாது சார். பிறவியிலேயே. அதான் அன்னிக்கு வேண்டாம்னேன். வெளியில சொல்லக் கூச்சமா இருந்தது."

"நீங்கதானே ஐயா இதை எழுதினீங்க?"

"எழுதறதுக்குக் கண்ணு வேண்டாம் சார். புரோகிராம்ல சிவப்புன்னா ஒண்ணு, பச்சைன்னா ரெண்டு. நான் ஒண்ணுன்னும் ரெண்டுன்னும் எழுதறேன். அது என்னவா வருதுன்னு நீங்கதான் பார்க்கறீங்க."

நிதி அலுவலர் மட்டும் சந்தேகப் பிராணி. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன கலர்?"

ரத்தச் சிவப்பாக இருந்தது பேனா. கட்டம் சார் அதை உற்றுப் பார்த்தார். கையில் வாங்கித் தள்ளிப் பிடித்தும் பார்த்தார்.

"பழுப்பா சார்?"

மக்கள் தொடர்பு அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இது பெரிய செய்தி சார்" என்று இயக்குநரின் காதோரம் சொன்னார். இயக்குநரின் முகம் மெல்ல மாறுவதை எல்லோரும் பார்த்தார்கள். கோபமாக ஆரம்பித்து, குழப்பமாகி, கருணையாக முடிந்தது. புகைப்படக்காரர் இறங்கப் போனவர் மறுபடி ஏறினார். இயக்குநர் கட்டம் சாரின் தோளில் கை போட்டார்.

"உங்க மாதிரி ஆளுங்களுக்கும் தெரியற மாதிரி என்ன பண்ணலாம்? சொல்லுங்க, இப்பவே பண்ணிடுவோம்."

"தலைகீழாப் போடலாம் சார்."

ஐந்து வாரமாக நகராத கோப்பு பதினொரு நிமிடத்தில் ஆறு கையெழுத்து வாங்கியது. 'அபாயங்கள்' என்ற இடத்தில் இயக்குநரே தம் கைப்பட 'எதுவுமில்லை' என்று எழுதினார். கட்டம் சார் சிவப்பு பச்சையை நீக்கினார். அந்த ஒரு வரியை எழுதினார். பட்டை திரும்பி வந்தது, வெள்ளைத் திரையில் கன்னங்கரேலென்று.

கூட்டம் கலைந்த பிறகு வால்வு அண்ணன் நாற்காலியை விட்டு எழவேயில்லை.

"ஏன் தம்பி இப்படிப் பண்ணீங்க?"

"உங்க வேலைக்குக் கலர் தெரியணும்னு விதி இருக்கு அண்ணே. புரோகிராமர் வேலைக்குக் கண்ணே வேணும்னு எங்கயும் எழுதல. நான் தேடிப் பார்த்தேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் விட்டார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. 'நிறம் அறியா ஊழியரின் இருளை நீக்கிய இயக்குநர்.' மேல்வீட்டு வாத்தியார் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கட்டம் சாரின் மனைவியிடம் காட்டி, "பாவம், இத்தனை நாள் நமக்குத் தெரியாம போச்சே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். கட்டம் சார் வீடு திரும்பியபோது பத்திரிகை சாப்பாட்டு மேசைமேல் விரிந்திருந்தது.

"பஸ் நிறுத்தத்துல என் பச்சைக் குடையைப் பார்த்துதான் வந்து பேசினேன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்லிட்டிருக்கீங்களே, அது பொய்யா, இது பொய்யா?"

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

"என்ன பண்றே?"

"இனிமே உங்க சட்டையை நான்தான் எடுத்து வைக்கப் போறேன். இப்படி நறுவிசா உடுத்திட்டுப் போனா யார் நம்புவாங்க?"

ஊதாச் சட்டையும் அதற்குச் சற்றும் ஒட்டாத பாசிப்பச்சைக் கால்சட்டையுமாக அடுத்த நாள் அவரை அனுப்பிவைத்தாள். அலுவலகமே அவரைக் கனிவோடு பார்த்தது.

ஆனால் அலுவலகம் கனிவோடு நிற்குமா? பணியாளர் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. குறைபாட்டைப் பதிவேட்டில் ஏற்ற மருத்துவச் சான்று தேவை, பத்து நாளுக்குள். கட்டம் சாருக்குத் தூக்கம் போயிற்று. கடிதத்தை எடுத்துக்கொண்டு வால்வு அண்ணனிடம் போனார். அண்ணன் படித்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

"புள்ளி புள்ளியா வட்டம் காட்டுவாங்க தம்பி. உள்ள ஒரு நம்பர் இருக்கும். முதல் படத்துல இருக்கற பன்னிரண்டு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதையும் தெரியலன்னு சொன்னீங்கன்னா மாட்டிப்பீங்க. அடுத்ததுல உங்களுக்கு எட்டு தெரியும். நீங்க மூணுன்னு சொல்லணும். எனக்கு மூணுதான் தெரியும்."

"எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வேலைக்குச் சேர்றப்ப எனக்கு முன்னாடி வரிசையில நின்னவர் உள்ள போயிட்டு வந்து எல்லா நம்பரையும் சொல்லிக் கொடுத்தார். மனப்பாடம் பண்ணிட்டுத்தான் உள்ள போனேன். இன்னும் மறக்கல."

பிறகு அண்ணன் பேசிக்கொண்டே போனார். தம் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட. பழுத்த தக்காளியும் காயும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். மரத்தில் பூத்திருக்கிறது என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கிட்டே போய்க் கிளையைப் பிடித்தால்தான் அவருக்குப் பூ தெரியும். மகள் சின்ன வயதில் சிவப்பு ரிப்பன் கேட்டபோது கடைக்காரர் வாயிலிருந்து 'சிவப்பு' என்ற சொல் வரும்வரை காத்திருந்து வாங்கினார். கட்டம் சார் குறிப்பெடுக்க நோட்டைத் திறந்து வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பேனாவை மூடிவிட்டார். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார்.

கண் மருத்துவர் வட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பன்னிரண்டு என்றார் கட்டம் சார். அடுத்த வட்டத்துக்குள் எட்டு என்ற எண் பூதாகரமாக உட்கார்ந்திருந்தது. "மூணு" என்றார். படித்த காலத்தில் எந்தத் தேர்விலும் அவர் தவறான பதிலை வேண்டுமென்று எழுதியதில்லை. தெரிந்த விடையை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மருத்துவர் கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு சுத்தமா ஒருத்தர் தப்புவிடை சொல்லி நான் பார்த்ததேயில்லை. பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு."

"நன்றி டாக்டர்."

"இதுக்கெல்லாம் நன்றி சொல்லக் கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

புதிய மெனுவுக்குத் தொடக்க விழாவும் நடந்தது. கீபோர்டைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். கூட்டம் கைதட்ட, இயக்குநர் கத்தரியால் நாடாவை வெட்டினார். அடியிலிருந்த கீபோர்டு வயரையும் சேர்த்து வெட்டிவிட்டார். வேறு கீபோர்டு வரும்வரை மக்கள் தொடர்பு அலுவலர் நாற்பது நிமிடம் பேசினார். அந்த நாற்பது நிமிடமும் ஊரில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வால்வு அண்ணன் ஓய்வு பெற்றார். பணிப் பதிவேட்டில், பிழையேதும் இல்லை, பார்வை சிறப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். வாரம் ஒருமுறை கட்டம் சாருக்குப் போன் செய்வார். மகளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். "இப்பல்லாம் அவளே தக்காளி பொறுக்கித் தர்றா தம்பி" என்றார்.

கட்டம் சாருக்கு இன்னும் ஐந்து வருடப் பணி பாக்கி இருக்கிறது. அலுவலகத்தில் அவர் தொடும் கோப்புகளிலெல்லாம் 'இது சிவப்பு', 'இது நீலம்' என்று யாரோ சீட்டு ஒட்டிவைக்கிறார்கள். நிதி அலுவலர் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டதால் தினமும் கட்டம் சாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் வருகிறார். போக்குவரத்து விளக்கு வரும் ஒவ்வொரு முனையிலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்.

"சிவப்பு சார், சிவப்பு! நில்லுங்க, நில்லுங்க!"

கட்டம் சார் அதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்து நின்றிருப்பார். இருந்தாலும் தலையைத் திருப்பி, "நல்லவேளை சொன்னீங்க சார், நான் பாட்டுக்குப் போயிருப்பேன்" என்று தினமும் தவறாமல் சொல்லிவிடுவார்.